சொத்து விவரம்

தக்கலை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
மூன்றாவது கடை. ஜெராக்சும் உண்டு.
ஆவணம் எழுதுகிறவர் லாசர் சார்.
தட்டச்சு செய்கிறவள் நான், விஜிலா.
இன்றைக்கு டோக்கன் மூன்று பத்துக்கு.
பாகப்பிரிவினை: பதினொன்றரை சென்ட்,
மூன்று உடன்பிறப்பு, ஒரு கிணறு, ஒரு அயனி மரம்.
அயனியை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

'பதினொன்றரை' என்று அடிக்கும்போது
பக்கத்துக் கடையில் பழம்பொரி எண்ணெயில் விழுகிறது.
ஒரு நிமிடம்தான்.
பழம்பொரியிலிருந்து நேந்திரங்குலை விலை,
விலையிலிருந்து திங்கள்சந்தை,
சந்தையில் வாங்கி
ஒரே வாரத்தில் அறுந்த செருப்பு,
செருப்பிலிருந்து, கர்த்தாவே,
ஏழாம் வகுப்பில் என் செருப்பை ஒளித்து வைத்த ஷைனி
இப்போது மஸ்கட்டிலா தோஹாவிலா?
போனை எடுத்துப் பார்த்தேன். தோஹா.
இரண்டு பிள்ளைகள்.
சின்னவனுக்கு நேற்றுப் பிறந்தநாள்,
கேக்கின் மேல் பச்சை டைனோசர்.

மணி பன்னிரண்டே கால்.
திரையில் 'பதினொன்றரை செ'.

இது வியாதியா சோம்பலா எனக்குத் தெரியாது.
சோம்பேறி என்றால் சும்மா இருப்பான்.
நான் காலையிலிருந்து சும்மா இல்லை.
உட்கார்ந்த நாற்காலியிலேயே
தோஹா வரை நடந்த கால்வலி.

போனைச் சோற்றுப் பாத்திரத்தின் அடியில் வைத்தேன்.
சோறு நினைவுக்கு வந்தது.
ஃபேன் சத்தம் என்று நிறுத்தினேன்.
வேர்த்தது. போட்டேன்.
வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு
நடுவில் 'இங்கே இரு' என்று எழுதினேன்.
எழுத்து அழகாக வந்துவிட்டதால்
சுற்றிலும் பூ வரைந்தேன்.
பூவுக்குப் பத்து நிமிடம்.

பெஞ்சில் மூன்று பேரும்
ஒருவரை ஒருவர் பார்க்காமல்
என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
இடவப்பாதி. ஆஸ்பெஸ்டாசில் முதல் நாலு துளி.
அடித்தேன், மளமளவென்று அடித்தேன்.

வெள்ளைத்தாளில் வந்த நகலை
மூத்தவர் தாசையன் வாங்கினார்.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
விரல் வைத்துச் சத்தமாக வாசித்தார்.
வடக்கு, எட்வின் வகை தென்னை.
கிழக்கு, பஞ்சாயத்து நடைபாதை.
தெற்கு, சானல் கரை.
மேற்கு, மழை.

விரல் அங்கேயே நின்றது.
எட்வின்தான் முதலில் சிரித்தார்.
ரோசம்மாள் அக்கா சொன்னார்:
"அவ எழுதினது சரிதாம்பிலே.
அந்தக் கையாலை இடிஞ்ச நாள்லேர்ந்து
மழைதானே உள்ள கேறி வருது."
மூத்தவர் சிரித்தாரா இருமினாரா,
தாள் மறைத்துக்கொண்டது.
லாசர் சார் சிரிக்கவில்லை.
"இதே முத்திரைத்தாள்ல வந்திருந்தா?" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மணி இரண்டேகால்.
பழைய பத்திரத்தை ரோசம்மாள் அக்காவிடம் கொடுத்து
என் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன்.
"ஒவ்வொரு வார்த்தையா வாசிங்க அக்கா. வேகம் வேண்டாம்."
வேகம் அவருக்கு வராது.
'மறு' என்பார், மூச்சு விடுவார், 'சர்வே' என்பார்.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில்
என் மனம் செருப்பைத் தேடும்.
மாட்டுவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும்.
இரண்டு முறை வாசல் தாண்டியது.
ஒருமுறை பழம்பொரி வரை.
அவர் 'கிணற்றில் மூவருக்கும்' என்று நிறுத்தி
நான் அடிக்கும்வரை காத்திருந்தார்.
திட்டவில்லை. சும்மா காத்திருந்தார்.
நான் திரும்பி வந்தேன்.

மேற்கு, இடிந்த கையாலை.
அயனி, மூவருக்கும் பொது.
இரண்டு ஐம்பது.

அவர்கள் சாலையைக் கடந்தார்கள்,
மூன்று பேருக்கு இரண்டு குடை,
யார் நனைவது என்பதில் சின்னத் தகராறு.
பிழைத்தாளை ரோசம்மாள் அக்கா
கேட்டு வாங்கி, நாலாக மடித்து
பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டில்
கையில் ஆறிப்போன பழம்பொரி.
'டைனோசர் சூப்பர்டீ' என்று
ஷைனிக்கு எழுதி, அழித்து, எழுதி
தலை நிமிர்ந்தபோது
கருங்கல் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது,
மேற்கே,
மழைக்குள்.